பெட்டி போனால் வாங்கலாம். உள்ளே இருப்பது போனால்?

தமிழர் வீடுகளில் ஒவ்வொரு பொருளைக் காக்கவும் ஓர் இடம் உண்டு. நெல்லுக்குக் குதிர். நகைக்கு இரும்பு அலமாரி. வீட்டுப் பத்திரத்துக்கும், பள்ளிச் சான்றிதழுக்கும் டிரங்குப் பெட்டி.

அந்த இடங்களுக்குக் காவலும் உண்டு. குதிரில் எலி ஏறாமல் பார்ப்பார்கள். அலமாரிச் சாவியை இடுப்பில் செருகிக் கொள்வார்கள். டிரங்குப் பெட்டியில் கரையான் ஏறாமல் இருக்க, அடியில் செங்கல் வைப்பார்கள். உள்ளே அந்துருண்டை போடுவார்கள்.

இப்போது வீட்டுக்கு இன்னொரு பெட்டி வந்திருக்கிறது. அதன் பெயர் கம்ப்யூட்டர்.

மகளின் கல்யாணப் படங்கள் அதில் இருக்கின்றன. மகனின் மதிப்பெண் பட்டியல் அதில் இருக்கிறது. கடைக் கணக்கு, வரி ரசீது, மறைந்துபோன தாத்தா பேத்திக்குக் கதை சொன்ன குரல் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

ஆனால், இந்தப் பெட்டிக்கு மட்டும் காவல் இல்லை!

"அது பையனுக்குத்தான் தெரியும்" என்று அம்மா சொல்கிறார். "அதை நான் தொடுவதே இல்லை" என்று அப்பா சொல்கிறார். பையன் வெளியூருக்கு வேலைக்குப் போகிறான். பெட்டியின் மேல் துணியைப் போட்டு மூடி வைக்கிறார்கள். ஒரு நாள் திறந்து பார்த்தால் விளக்கு எரியவில்லை. பெட்டி போனது போகட்டும், படங்கள் எங்கே?

பெட்டி போனால் வேறு வாங்கலாம். உள்ளே இருப்பது போனால் எந்தக் கடையிலும் கிடைக்காது. கம்ப்யூட்டர் வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பமும் மனதில் பதிய வைத்துக்கொள்ள வேண்டிய பாடம் இதுதான்.

கம்ப்யூட்டரைப் பழுது பார்ப்பது மெக்கானிக் வேலை. பழுது வராமல் பார்ப்பது வீட்டு வேலை. அதற்குப் பெரிய படிப்பு தேவை இல்லை. குதிரையும் அலமாரியையும் காத்தவர்களுக்கு இதையும் காக்கத் தெரியும்!

சூடு என்ற எதிரி

கம்ப்யூட்டருக்கு முதல் எதிரி சூடு. இது இன்று தோன்றிய பகை அல்ல.

அமெரிக்காவில் உள்ள பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் "எனியாக்" என்ற பிரமாண்டமான கம்ப்யூட்டரைக் கட்டினார்கள். 1946-ம் ஆண்டு அதை உலகுக்குக் காட்டினார்கள். அதன் எடை சுமார் 30 டன். அதில் சுமார் 18 ஆயிரம் வால்வுகள் இருந்தன. அந்த வால்வுகள் கக்கிய வெப்பத்தைத் தணிக்கக் காற்றாடிகள் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். அப்படியும் வால்வுகள் அடிக்கடி எரிந்து போயின.

இன்றைய கம்ப்யூட்டரில் வால்வு கிடையாது. ஆனாலும் சூடு உண்டு. உள்ளே ஒரு சின்ன விசிறி சுழன்று, சூட்டை வெளியே தள்ளுகிறது. அந்தக் காற்று போகும் வழியை அடைத்துவிட்டால் கம்ப்யூட்டர் திணறும். தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சூடு இன்னும் ஏறினால் திடீரென்று அணைந்துவிடும்.

"கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது. புதிதாக வாங்க வேண்டும்" என்று பலர் முடிவு கட்டுகிறார்கள். விசிறியில் அடைத்திருக்கும் தூசியைத் தட்டினாலே சில பெட்டிகள் பழையபடி ஓடும்!

மேஜைக் கம்ப்யூட்டரைச் சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது. பின்புறம் ஒரு சாண் இடைவெளி வேண்டும். வெயில் விழும் ஜன்னல் ஓரமும், அடுப்படிக்கு அருகிலும் ஆகாது. ஓடிக்கொண்டிருக்கும்போது துணி போட்டு மூடக் கூடாது.

மடிக்கணினியை மெத்தை மீதும், தலையணை மீதும் வைத்து வேலை செய்வது தவறு. அதன் காற்று வழி பெரும்பாலும் அடியில்தான் இருக்கிறது. மெத்தை அந்த வழியை மூடிவிடும். கீழே ஒரு மணைப் பலகையை வைத்தால் போதும். பிரச்சினை தீர்ந்தது!

தூசியும் பூச்சியும்

1947-ம் ஆண்டு செப்டம்பர் 9-ந் தேதி. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக் கம்ப்யூட்டர் ஒன்று கோளாறு செய்தது. நிபுணர்கள் திறந்து பார்த்தார்கள். உள்ளே ஓர் அந்துப்பூச்சி செத்துக் கிடந்தது! அந்தப் பூச்சியைக் குறிப்பேட்டில் ஒட்டி வைத்தார்கள். அந்தக் குறிப்பேடு இன்றும் வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது.

கோளாறுக்குப் "பூச்சி" என்று பெயர் சொல்லும் வழக்கம் என்ஜினீயர்களிடம் அதற்கு முன்பே உண்டு. அன்று உண்மையான பூச்சியே அகப்பட்டுவிட்டது!

தமிழ்நாட்டு வீடுகளில் அந்துப்பூச்சி மட்டுமா? எறும்பு, கரப்பான், பல்லி எல்லாம் உண்டு. கம்ப்யூட்டரின் இளஞ்சூடு அவற்றுக்குப் பிடிக்கும். மேஜையில் முறுக்கும் மிக்சரும் சாப்பிட்டால் எறும்புக்கு விருந்து வைத்தது போல்தான்.

சுத்தம் செய்யும் முறை எளிது.

முதலில் கம்ப்யூட்டரை முறைப்படி அணைக்க வேண்டும். பிறகு பிளக்கைப் பிடுங்க வேண்டும். விசைப்பலகையைத் தலைகீழாகக் கவிழ்த்து, மெதுவாகத் தட்டினால் துணுக்குகள் விழும். பெயிண்டு அடிக்கும் மெல்லிய பிரஷ், காய்ந்ததாக இருந்தால், இடுக்குகளைத் துடைக்க ஏற்றது.

காற்று ஊதும் கருவியால் ஊதும்போது, விசிறியின் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் விசிறி தாறுமாறாகச் சுழன்று கெட்டுப் போகும். கூடத்தில் வைத்து ஊதக் கூடாது. வாசலுக்குக் கொண்டுபோய், மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு செய்ய வேண்டும்.

திரையைத் துடைக்க மென்மையான துணி போதும். கறை இருந்தால் துணியை லேசாக நனைத்துப் பிழிந்துகொள்ளலாம். தண்ணீரைத் திரையின் மேல் நேராகத் தெளிக்கக் கூடாது. ஜன்னல் கண்ணாடி துடைக்கும் மருந்தும் கூடாது. அது திரையின் மேல்பூச்சைத் தின்றுவிடும்.

பெட்டியைத் திறந்து பார்க்கத் தைரியம் இல்லாதவர்கள் திறக்க வேண்டாம். வருஷத்துக்கு ஒரு முறை மெக்கானிக்கிடம் கொடுத்துச் சுத்தம் செய்தால் போதும். உத்தரவாதக் காலம் முடியாத பெட்டியை வாங்கிய இடத்திலேயே காட்டுவது நல்லது.

மின்சாரம்: நண்பனும் அவனே, பகைவனும் அவனே

வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட் என்பது கணக்கு. ஆனால், அது எப்போதும் ஒரே சீராக வருவதில்லை. சில சமயம் தாழும். சில சமயம் எகிறும். மின்தடை முடிந்து மின்சாரம் திரும்பும் அந்த ஒரு கணம்தான் ஆபத்தானது.

மேஜைக் கம்ப்யூட்டருக்கு யு.பி.எஸ். அவசியம். யு.பி.எஸ். எதற்கு என்பதில் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. மின்சாரம் போன பிறகும் மணிக்கணக்கில் வேலை செய்வதற்கு அல்ல அது! செய்த வேலையைச் சேமித்து, கம்ப்யூட்டரை ஒழுங்காக அணைப்பதற்குச் சில நிமிடம் தருவதற்குத்தான். லேசர் பிரிண்டரை யு.பி.எஸ்.சில் மாட்டக் கூடாது. அது மின்சாரத்தை ஒரேயடியாக இழுக்கும், யு.பி.எஸ். தாங்காது.

மூன்று முனை பிளக்கில் பெரிய முனை எதற்கு? அது எர்த். கசியும் மின்சாரத்தைத் தரைக்கு அனுப்புவது அதன் வேலை. அந்த முனையை ஒடித்துவிட்டு இரண்டு துளையில் செருகும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. கம்ப்யூட்டருக்கு மட்டும் அல்ல, தொடுகிற குழந்தைக்கும் அதனால் ஆபத்து.

இடி மின்னல் நேரத்தில் சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. பிளக்கையே பிடுங்க வேண்டும். இன்டர்நெட் வரும் கம்பியையும் கழற்ற வேண்டும். மின்னல் அந்த வழியாகவும் வரும்!

கம்ப்யூட்டரை முறைப்படி அணைக்காமல், சுவரில் உள்ள சுவிட்சைத் தட்டி அணைப்பது கெட்ட பழக்கம். எழுதிக்கொண்டிருக்கும் கணக்குப்பிள்ளையின் நோட்டைப் பாதியில் பிடுங்கினால் என்ன ஆகும்? வரி பாதியில் நிற்கும். கம்ப்யூட்டரிலும் அப்படித்தான்.

வேலை செய்யும்போதே சேமித்துக்கொள்ளவும் பழக வேண்டும். விசைப்பலகையில் கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு, ஆங்கில எஸ் எழுத்தைத் தட்டினால் போதும். பத்து நிமிடத்துக்கு ஒரு தட்டு! இது ஒன்றே பல மணி நேர உழைப்பைக் காக்கும்.

தண்ணீர் வந்தால்?

2015-ம் ஆண்டு டிசம்பரில் சென்னையில் வெள்ளம் புகுந்தது. 2023-ம் ஆண்டு டிசம்பரில் சென்னையையும், பிறகு திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களையும் மழை சூழ்ந்தது. பத்திரங்களையும் சான்றிதழ்களையும் பறிகொடுத்த குடும்பங்கள் பல. தரையில் வைத்திருந்த கம்ப்யூட்டர்களும் மூழ்கின.

கம்ப்யூட்டர் பெட்டியைத் தரையில் வைக்கக் கூடாது. மேஜை இல்லாவிட்டால் உயரமான பலகை மீது வைக்கலாம். மழை எச்சரிக்கை வந்தால், சாமான்களைப் பரணுக்கு ஏற்றும்போது கம்ப்யூட்டரையும் ஏற்ற வேண்டும்.

நனைந்துவிட்டால்? "ஓடுகிறதா பார்ப்போம்" என்று சுவிட்சைப் போடவே கூடாது! தண்ணீரைவிட, தண்ணீரோடு சேரும் மின்சாரம்தான் கெடுக்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அப்படியே நிபுணரிடம் கொண்டுபோக வேண்டும். பெட்டி வீணானாலும், உள்ளே இருக்கும் டிஸ்க் தப்பியிருக்கலாம்.

மடிக்கணினியில் காபி கொட்டிவிட்டால் உடனே அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, கவிழ்த்து வைக்க வேண்டும். அரிசிப் பானைக்குள் புதைக்கும் வைத்தியம் உதவாது. அரிசித் தூசிதான் உள்ளே போகும்.

பேட்டரியின் ஆயுள்

தமிழக அரசு 2011-ம் ஆண்டு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. பல ஏழை வீடுகளில் முதன் முதலாக நுழைந்த கம்ப்யூட்டர் அதுதான். அவற்றில் பல இன்று மூலையில் கிடக்கின்றன. பெரும்பாலும் முதலில் சோர்ந்து போவது பேட்டரி.

மடிக்கணினியின் பேட்டரி லித்தியம் வகையைச் சேர்ந்தது. அதற்கு இரண்டு ஆகாது. ஒன்று சூடு. இன்னொன்று, அடிமட்டம் வரை வற்றிக் கிடப்பது. நூற்றுக்கு 20 இருக்கும்போதே சார்ஜரில் போடுவது நல்லது. எப்போதும் சார்ஜரிலேயே இருக்கும் மடிக்கணினிக்கு, 80-ல் நிறுத்தும் வசதி பலவற்றில் உண்டு. அதைப் போட்டு வைக்கலாம். சில மாதம் தொடாமல் வைப்பதானால், பாதி அளவு ஏற்றி வைக்க வேண்டும்.

பேட்டரி உப்பி, மடிக்கணினியின் மூடி தூக்கிக்கொண்டு நின்றால், உடனே உபயோகத்தை நிறுத்த வேண்டும். அதைக் குத்துவதோ, அழுத்துவதோ, குப்பையில் எறிவதோ கூடாது. தீப்பற்றும்!

உள்ளே ஓடும் சக்கரம்

கம்ப்யூட்டரின் ஞாபகம் டிஸ்க்கில் இருக்கிறது.

1956-ம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் முதல் டிஸ்க்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரண்டு அடி அகலமுள்ள 50 தட்டுகள். எடை ஒரு டன்னுக்கு அதிகம். அதில் கொள்ளக்கூடியது 50 லட்சம் எழுத்துக்கள்தான். இன்று செல்போனில் எடுக்கும் ஒரு படமே சில சமயம் அவ்வளவு இடத்தைப் பிடித்துவிடும்!

இப்போது பெரும்பாலான வீடுகளில் இரண்டு வகை டிஸ்க் உண்டு. ஒன்று, தட்டு சுழலும் ஹார்டு டிஸ்க். அது நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுழல்கிறது. தட்டுக்கு மேலே, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய இடைவெளியில், படிக்கும் முனை மிதக்கிறது. ஓடும்போது பெட்டியை ஆட்டினால் முனை தட்டில் உரசும். உரசிய இடத்தில் இருந்தது போனது போனதுதான்.

"டக், டக்" என்று புதிதாகச் சத்தம் கேட்டால் அது கடைசி எச்சரிக்கை. வேறு எந்த வேலையும் செய்யாமல், முக்கியமானவற்றை உடனே வேறு இடத்தில் பிரதி எடுக்க வேண்டும்.

இன்னொரு வகை எஸ்.எஸ்.டி. அதில் சுழலும் தட்டு இல்லை. வேகம் அதிகம். பழைய கம்ப்யூட்டரில் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டால், அது புதுப் பெட்டி போல ஓடும். புதுக் கம்ப்யூட்டர் வாங்கும் முன்பு மெக்கானிக்கிடம் இதைக் கேட்டுப் பார்க்கலாம். ஆனால், எஸ்.எஸ்.டி. கெடும்போது பல சமயம் சத்தமே இருக்காது. சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும்!

டிஸ்க்கை முட்ட முட்ட நிரப்பவும் கூடாது. ஐந்தில் ஒரு பங்கு காலியாக இருப்பது நல்லது. உபயோகம் இல்லாத புரோகிராம்களை நீக்க வேண்டும். கம்ப்யூட்டரைப் போட்டதும் தாமாகவே ஓடத் தொடங்கும் புரோகிராம்களைக் குறைக்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத நோய்

கம்ப்யூட்டருக்கும் நோய் வருமா? வரும். அதன் பெயர் வைரஸ்.

2017-ம் ஆண்டு மே 12-ந் தேதி, "வான்னாகிரை" என்ற வைரஸ் உலகைத் தாக்கியது. சுமார் 150 நாடுகளில், 2 லட்சத்துக்கும் அதிகமான கம்ப்யூட்டர்கள் முடங்கின. உள்ளே இருந்தவற்றைப் பூட்டிவிட்டு, "பணம் கொடுத்தால்தான் திறப்போம்" என்று திரையில் மிரட்டல் வந்தது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷன்கள் தள்ளிவைக்கப்பட்டன.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த வைரஸ் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை, மைக்ரோசாப்ட் நிறுவனம் இரண்டு மாதத்துக்கு முன்பே, மார்ச்சில் கொடுத்துவிட்டது! திருத்தத்தைப் போட்டவர்கள் அந்த ஓட்டையை அடைத்துவிட்டார்கள். "அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளியவர்கள் அகப்பட்டுக்கொண்டார்கள்.

"அப்டேட்" என்று கம்ப்யூட்டர் கேட்பது தொந்தரவு அல்ல. அது தடுப்பூசி. இரவு படுக்கும் முன்பு அதைப் போட்டுவிட்டால் காலையில் வேலை கெடாது.

பழைய விண்டோஸ் வைத்திருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2015-ம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் 10-க்கு, வழக்கமான ஆதரவு 2025-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதியோடு முடிந்துவிட்டது. பெட்டி இடம் கொடுத்தால் விண்டோஸ் 11-க்கு மாறலாம். இடம் கொடுக்காவிட்டால் பெட்டியை எறிய வேண்டியது இல்லை. இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ், பல பழைய பெட்டிகளில் நன்றாக ஓடும்.

விலைக்கு விற்கும் புரோகிராமைத் திருட்டுத்தனமாக இறக்கிப் போடுவதும் ஆபத்துதான். இனாமாக வருவது சர்க்கரை தடவிய விஷமாக இருக்கலாம்.

பூட்டும் சாவியும்

கடவுச்சொல் என்பது வீட்டுச் சாவி. "123456" என்று வைப்பது, சாவியைக் கதவிலேயே தொங்கவிடுவதற்குச் சமம். பெயரும் பிறந்த தேதியும் சேர்த்து வைப்பதும் அப்படித்தான்.

நல்ல கடவுச்சொல்லுக்கு நீளம் முக்கியம். தொடர்பு இல்லாத நான்கு சொற்களைச் சேர்த்து ஒன்றாக்கினால், ஞாபகமும் இருக்கும், திருடனுக்கும் எட்டாது. ஒரே கடவுச்சொல்லை எல்லாவற்றுக்கும் வைக்கக் கூடாது. ஒரு சாவி தொலைந்தால் எல்லாப் பூட்டும் திறந்துகொள்ளும். மறந்துபோகும் என்று பயந்தால், ஒரு நோட்டில் எழுதி அலமாரியில் பூட்டி வைக்கலாம். கம்ப்யூட்டர் திரை ஓரத்தில் ஒட்டி வைக்கத்தான் கூடாது.

இப்போதைய திருடன் கன்னம் வைத்து வருவதில்லை. திரையில் வருகிறான். "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்கிறது. உடனே இந்த எண்ணுக்குப் போன் செய்யுங்கள்" என்று சிவப்பு எழுத்தில் மிரட்டுகிறான். போன் செய்தால், "இந்தச் செயலியைப் போடுங்கள், நாங்களே சரி செய்கிறோம்" என்கிறான். அந்தச் செயலி, வீட்டுக் கம்ப்யூட்டரை அவன் கைக்குக் கொடுத்துவிடும்!

அப்படி எழுத்து வந்தால் போன் செய்ய வேண்டாம். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, மறுபடி போட்டால் பெரும்பாலும் போய்விடும்.

பாங்கியில் இருந்து வரும் ஓ.டி.பி. எண்ணை யாருக்கும் சொல்லக் கூடாது. உண்மையான பாங்கி அதிகாரி அதைக் கேட்கவே மாட்டார்.

பணம் பறிபோய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்கக் கூடாது. உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். இது இந்தியா முழுவதற்கும் உள்ள சைபர் குற்ற உதவி எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறார்களோ, அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே மடக்க வாய்ப்பு உண்டு. வீட்டில் பிள்ளைகளோ பெரியவர்களோ ஏமாந்துவிட்டால், அவர்களைத் திட்டுவதில் அந்த நேரத்தை வீணாக்கக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலே: பிரதி!

இவ்வளவும் செய்தாலும் ஒரு நாள் டிஸ்க் கெடத்தான் செய்யும். மனிதன் செய்த எந்த மிஷினும் நிரந்தரம் அல்ல. ஆகவே, கடைசிக் காவல் பிரதி எடுத்து வைப்பதுதான்.

அமெரிக்காவில் பிக்சார் என்ற படக் கம்பெனி உண்டு. 1998-ம் ஆண்டு அங்கே "டாய் ஸ்டோரி 2" என்ற கார்ட்டூன் படத்தைக் கம்ப்யூட்டரில் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் யாரோ தவறான கட்டளையைத் தட்டிவிட்டார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே படத்தின் பாத்திரங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன! பிரதி இருக்கிறதே என்று தேடினார்கள். பிரதி எடுக்கும் ஏற்பாடும் சரியாக வேலை செய்யவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

படத்தைக் காப்பாற்றியது ஒரு தாய்! அங்கு வேலை செய்த கேலின் சஸ்மன் என்ற பெண்மணி, கைக்குழந்தையைக் கவனித்துக்கொண்டே வீட்டில் வேலை செய்துவந்தார். அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் படத்தின் பிரதி இருந்தது. அந்தப் பெட்டியைக் கம்பளியில் சுற்றி, காரில் ஏற்றி, மெதுவாக ஓட்டிக் கொண்டுவந்து சேர்த்தார்கள். 1999-ம் ஆண்டு படம் வெளிவந்தது.

இதில் இரண்டு பாடம் உண்டு. பிரதி வேறு இடத்தில் இருக்க வேண்டும் என்பது ஒன்று. எடுத்த பிரதி சரியாக இருக்கிறதா என்று திறந்து பார்க்க வேண்டும் என்பது இன்னொன்று.

நிபுணர்கள் இதற்கு ஒரு சுலபக் கணக்கு சொல்கிறார்கள். மூன்று, இரண்டு, ஒன்று! மொத்தம் மூன்று பிரதி. இரண்டு வகைச் சாதனம். அவற்றில் ஒன்று வேறு இடத்தில்.

ஒன்று, கம்ப்யூட்டரில் இருப்பது. இரண்டு, வெளியே மாட்டும் ஹார்டு டிஸ்க்கில் எடுப்பது. எடுத்து முடித்ததும் அதைக் கழற்றி அலமாரியில் வைக்க வேண்டும். மாட்டியே வைத்தால் வைரசும் இடியும் அதையும் தாக்கும். மூன்று, இன்டர்நெட் சேமிப்பில் போடுவது. அது முடியாவிட்டால், இன்னொரு டிஸ்க்கில் எடுத்துச் சித்தப்பா வீட்டிலோ, அக்கா வீட்டிலோ கொடுத்து வைக்கலாம். நல்ல உறவுக்கு இதுவும் ஒரு பயன்!

பென் டிரைவை நிரந்தரப் பெட்டியாக நம்பக் கூடாது. அது கொண்டுபோகும் பை; வைத்துக் காக்கும் பெட்டி அல்ல.

விற்கும்போது எச்சரிக்கை

ஒரு கோப்பை அழித்தால், அது முதலில் கம்ப்யூட்டரின் குப்பைத்தொட்டிக்குப் போகிறது. குப்பைத்தொட்டியைக் காலி செய்தாலும், டிஸ்க்கில் இருந்து உடனே மறைந்துவிடுவது இல்லை. பல சமயம் விவரம் தெரிந்தவர்கள் அதை மீட்டுவிடுவார்கள்.

ஆகவே, பழைய பெட்டியை விற்கும்போதும், பழைய இரும்புக்காரருக்குப் போடும்போதும் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்வதே நல்லது. அல்லது, முழுவதையும் துடைத்து அழிக்கச் சொல்லி, எதிரே நின்று பார்க்க வேண்டும். குடும்பப் படங்களும், பாங்கிக் கணக்கும் ஊரார் கையில் போகலாமா?

வீட்டார் எல்லோருக்கும் தெரியட்டும்

இத்தனை வேலையையும் ஒரே ஒருவர் தலையில் கட்டக் கூடாது.

படங்கள் எங்கே இருக்கின்றன, பிரதி எந்த அலமாரியில் இருக்கிறது, கடவுச்சொல் நோட்டு எங்கே என்பது வீட்டில் குறைந்தது இரண்டு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வீட்டுப் பத்திரம் எங்கே என்று கணவனுக்கு மட்டும் தெரிந்து, மனைவிக்குத் தெரியாமல் திண்டாடிய குடும்பங்களை ஊர் பார்த்திருக்கிறது. அந்தத் திண்டாட்டம் இங்கே வேண்டாம்.

ஆங்கிலம் தெரியாது என்ற தயக்கமும் வேண்டாம். 1999-ம் ஆண்டு சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டி, "தமிழ் 99" என்ற விசைப்பலகை முறை வகுக்கப்பட்டது. இன்று எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழில் எழுதலாம். கோப்புகளுக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாம். "கல்யாணப் படங்கள்", "வீட்டு வரி ரசீது", "மளிகைக் கணக்கு" என்று பெயர் வைத்தால், பாட்டிகூடத் தேடி எடுத்துவிடுவார்!

நாள்காட்டியில் குறித்துக்கொள்ளத் தகுந்த வேலைகள் நான்குதான்.

வாரம் ஒரு முறை, அப்டேட் போடுவது.

மாதம் ஒரு முறை, தூசி துடைப்பது, பிரதி எடுப்பது.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை, அந்தப் பிரதியைத் திறந்து சரி பார்ப்பது.

வருஷத்துக்கு ஒரு முறை, உட்புறத்தைச் சுத்தம் செய்வது. ஆயுத பூஜை அன்று கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம் வைக்கும் வீடுகள் பல உண்டு. பொட்டு வைப்பதற்கு முன்பு தூசியைத் தட்டிவிட்டால் இந்த வேலையும் முடிந்துவிடும்!

இந்த நான்கையும் பிள்ளைகள் பெரியவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். "உனக்குப் புரியாது" என்று சொல்லி மவுசைப் பிடுங்குவது பிள்ளைகளுக்கு அழகல்ல. கையைப் பிடித்து "அ" எழுதக் கற்றுக் கொடுத்தவர்கள் அவர்கள். அவர்களுக்குப் பிரதி எடுக்கக் கற்றுக் கொடுக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை போதும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இன்றாகவே இருக்கட்டும்!